முகம் காட்டி நிற்கும் கிடாய்

கோபாருக்கு மேற்கே
2 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சோதி எழுதுவது. என் பெயரைக் கண்டவுடன் கிழிக்கப் போவீர்கள் என்று தெரியும். கிழிப்பதற்கு முன் உள்ளே இருக்கும் படத்தை மட்டும் பாருங்கள். அத்தானின் செத்த வீட்டுக்கு நான் வராததைப் பற்றி இதில் ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் மேலே படிக்க மாட்டீர்கள்.

தோட்டங்களில் தக்காளி பிடுங்குவதை விட்டு நாலைந்து வருடமாகிறது. முதுகு கேட்கவில்லை. இப்போது டெரிக் என்ற வெள்ளைக்காரனுடைய பண்ணையில் வேலை. முன்பு கம்பளிக்குச் செம்மறி வளர்த்த இடம். வேலிகள் விழுந்து, ஆடுகள் குன்றுகளில் ஏறி, பல தலைமுறையாக மயிர் வெட்டுவாரில்லாமல் காட்டாடுகளாகிவிட்டன. அவற்றைச் சுட வருகிறவர்களை வைத்துத்தான் டெரிக் பிழைக்கிறான்.

வருகிறவனுக்குத் தலைதான் வேண்டும், கொம்போடு பதம் பண்ணிச் சுவரில் மாட்டுவதற்கு. எது நல்ல தலை என்று தூரத்திலிருந்து பார்த்துச் சொல்வது என் வேலை. முன்னாலிருந்து பார்த்தால் ஏமாந்து போவோம். எந்தக் கொம்பும் முன்னாலிருந்து பெரிதாகத்தான் தெரியும். அது பக்கவாட்டில் திரும்பும் வரை தூரக்கண்ணாடியை இறக்காமல் படுத்திருக்க வேண்டும். கொம்பு காதுக்குப் பின்னால் போய், தாடைக்குக் கீழே இறங்கி, நுனி திரும்பவும் கண்ணின் மட்டத்துக்கு ஏறியிருந்தால் அது முழுச் சுருள். அடியில் உள்ள பருமன் பாதி வழியில் மெலிந்து போகிறதா, நுனி பாறையில் உரசி உடைந்திருக்கிறதா, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சிறிய உடம்பில் சிறிய கொம்பும் பெரிதாகத் தெரியும். புதியவர்கள் விழுவது அதில்தான்.

படத்தில் இருக்கும் காட்டுக் கிடாயைப் போல ஒரு தலையை இந்தப் பக்கத்தில் கண்டதில்லை என்று டெரிக் சொல்கிறான். சிட்னியிலிருந்து வாசுதேவன் என்ற தமிழர் ஒருவர் இதற்காகவே ஜூனில் வருகிறார். மதுரைக்காரர், கட்டட எஞ்சினியர். மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் தேருக்கு முதல் ஆளாக வடம் பிடிக்கிறவராம். என்னை அண்ணே என்று கூப்பிடுகிறார்.

ஊரில் வைரவருக்குப் பலி கொடுக்க ஐயா வளர்த்த வேள்விக் கிடாய்களைப் பார்த்து வளர்ந்த கண் உங்களுக்கும் இருக்கிறது. எப்படி என்று சொல்லுங்கள்.

சோதி


ஸ்பிரிங்வேல்
16 மார்ச் 2025

சோதிக்கு,

கிழிக்கவில்லை. தாரகா படித்துக் காட்ட வந்தாள். உன் அம்மாவுக்கு எழுத்துத் தெரியும், நீ போய் வேலையைப் பார் என்று மகளை அனுப்பிவிட்டு நானே படித்தேன். அஞ்சாம் வகுப்பு உன் எழுத்துக்குப் போதும்.

நீ எழுதாததை நான் எழுதுகிறேன். மெல்பேணின் இந்த ஸ்பிரிங்வேல் சுடலையில் உன் அத்தானின் பெட்டியை வைத்துக்கொண்டு, தம்பி வருவான், பொறுங்கோ, பொறுங்கோ என்று ஐயரை மறித்தவள் நான். அடுத்த சவக்காரர் கார்களோடு வெளியே நின்றார்கள். நீ தக்காளி பிடுங்கிக்கொண்டிருந்தாய். உன் குரல் இனி என் காதில் விழக்கூடாது என்று அந்த வாசலில் நின்று நேர்ந்தேன். ஆகவே எனக்குப் போன் எடுக்காதே. எழுது. எழுத்துக்குச் சத்தம் இல்லை.

இனிப் படம். கொம்பைப் பற்றி நீ ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கொம்பைப் பார்க்கவில்லை, அது நிற்கிற நிலையைப் பார்த்தேன். மனிசரைக் கண்ட காட்டு மிருகம் ஓடுவதற்கு ஆயத்தமாகப் பின்பக்கத்தைத் திருப்பி நிற்கும். இது முகத்தைக் காட்டி நிற்கிறது. காது இரண்டும் முன்னுக்கு. இரை மீட்ட வாய் பாதியில் நின்றுவிட்டது. படம் எடுத்தவன் கையில் தீன் இருக்கிறதா என்று பார்க்கிறது. வலது காதில் ஓட்டை வேறு. தோடு கழற்றின காது மாதிரி.

படம் எடுத்தவன் நீ. வளர்த்தவனும் நீதான். காட்டுக் கிடாயாம். யாருக்குக் கதை விடுகிறாய்? வேள்விக் கிடாய்க்குப் பெயர் வைக்கக் கூடாது என்று ஐயா சொல்லுவார். நீ வைத்திருப்பாய். என்ன பெயர்?

அக்கா


கோபாருக்கு மேற்கே
30 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ராசா.

உங்களுக்கு ஒளிக்க முடியாது. டெரிக் அதைக் குட்டியாக இருக்கும்போதே கொம்பு வைத்த சாதி என்று எங்கோ வாங்கி வந்தான். குன்றில் இருக்கிறவற்றின் கொம்பு அவ்வளவு வளர்வதில்லை, தீன் போதாது. இதைக் குடிலுக்குப் பின்னால் பட்டியில் அடைத்து என்னிடம் விட்டான். காதில் இருந்த அடையாளத்தைக் கழற்றியதும் அவன்தான். வாசுதேவன் வருவதற்கு முன் குன்றில் விட்டுவிட்டால் அது காட்டுக் கிடாய். அவருக்குத் தெரியாது.

எனக்கு வேறு விதமாக வளர்க்கத் தெரியாது அக்கா. தீனைக் கொட்டிவிட்டுப் போ என்றுதான் டெரிக் சொன்னான். நான் ஐயா வளர்த்த மாதிரி வளர்த்தேன். உப்புக் கஞ்சி, கையால் லூசன் புல்லு, வேறு யாரும் தொடாமல். கொம்பு இப்போது முழுச் சுருளையும் தாண்டி நுனி வெளியே விரிந்துவிட்டது. நுனியில் ஒரு கீறல் இல்லை. அடியை என் இரண்டு கையாலும் பிடிக்க முடியாது. ஊரில் என்றால் இதைக் கொண்டு போகிற வழியெல்லாம் சனம் நிற்கும்.

இப்போதே குன்றில் விட்டுப் பழக்குகிறோம். அது நிற்பதில்லை. நான் எங்கே போகிறேனோ அங்கே வருகிறது.

வாசுதேவன் போன கிழமை வெள்ளாட்டில் கை பழக வந்தார். வானத்தை முதுகில் வைத்துக்கொண்டு குன்றின் உச்சியில் ஒரு வெள்ளாட்டுக் கிடாய் நின்றது. அப்படி நிற்பதைச் சுடக் கூடாது, தவறினால் குண்டு எங்கே போய் இறங்கும் என்று தெரியாது. சுடாதேங்கோ என்று சொல்லி வாய் மூடவில்லை, சுட்டுவிட்டார். ஆடு போய்விட்டது. நாங்கள் உச்சிக்கு ஏறிப் பார்த்தால், மறுபக்கத்தில் என் குடிலோடு இருக்கிற தண்ணீர்த் தாங்கியில் ஓட்டை. தண்ணீர் வில்லுப்போல் பாய்கிறது. மனிசன் அப்படியே கல்லில் குந்திவிட்டார்.

"நான் கொம்ப மட்டும்தான் பாத்தேன் அண்ணே. அது ஸ்கோப்புக்குள்ள வந்தப்புறம் வேற எதுவுமே கண்ணுக்குத் தெரியல" என்றார்.

நல்ல மனிசன். தன்னுடைய தண்ணீர்ப் போத்தலை எனக்குத் தந்துவிட்டுப் போனார். டெரிக் சிரித்துக்கொண்டே ஓட்டைக்கு ஒரு கட்டையை அடித்தான்.

சோதி


ஸ்பிரிங்வேல்
12 ஏப்ரல் 2025

சோதிக்கு,

உன் கடிதத்தைக் குசினிக் கதிரையில் இருந்து படித்தேன். பிறகு திரும்பவும் படித்தேன்.

உனக்கு ஞாபகமில்லை என்பாய். எனக்கு இருக்கிறது. எனக்குப் பதின்மூன்று வயது, உனக்கு எட்டோ ஒன்பதோ. அந்த வருடம் ஐயாவின் கிடாய்க்குத் தீன் வைத்தவன் நீ. வைரவர் கோயிலில் பறை அடித்தவுடன் அது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. எங்கே ஓடியது? ஒழுங்கைக்கு ஓடவில்லை. சனத்துக்குள் நின்ற உன்னிடம் ஓடி, தலையை உன் வயிற்றில் புதைத்துக்கொண்டு நின்றது. வெட்டுகிறவன் ஓங்கின கையோடு பின்னால் வந்தான். அவன் ஆட்டின் கழுத்தைப் பார்த்தானே தவிர உன்னைப் பார்க்கவில்லை. நான் உன் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தேன். கத்தி என் முழங்கையைச் சீவிக்கொண்டு இறங்கியது. நல்ல கிடாய், நல்ல கிடாய் என்று சனம் சொன்னது. ஐயா எனக்கு அடித்தார், பொம்பிளைப் பிள்ளை வேள்விக்குள் புகுந்ததற்கு. ஐயாவையும் நான் மன்னிக்கவில்லை.

ஏன் சொல்கிறேன் என்று விளங்குகிறதா? கையால் தின்ற மிருகம் பயந்தால் காட்டுக்கு ஓடாது, தீன் வைத்தவனிடம்தான் ஓடும். உன்னிடம் வரும். உன்னைச் சுற்றி நிற்கும். அதன் பின்னால் துவக்கோடு நிற்கிறவனுக்குக் கொம்பைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று அவனே சொல்லியிருக்கிறான். உன் குடிலில் ஓட்டை விழவில்லை, தாங்கியில் விழுந்தது என்று சந்தோசப்படுகிறாயோ?

அங்கேயிருந்து வெளிக்கிட்டு வா என்றால் வரமாட்டாய். அந்தக் கொம்பை நாலு பேர் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் உனக்கு. உன்னை எனக்குத் தெரியும்.

ஆகவே இதைச் செய். அதைக் கல்லால் எறி. தடியால் அடி. தீனை நிறுத்து. உன்னைக் கண்டால் ஓடுகிற மாதிரிப் பண்ணு. பாவம் பார்க்காதே. அது எப்படியும் சாகப் போகிற ஆடு.

அக்கா


கோபாருக்கு மேற்கே
4 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, இந்த மனிசியின் நெஞ்சு கல்லு என்று நினைத்தேன். செய்ய மாட்டேன் என்று எழுதிக் கவரில் போட்டு ஒட்டியும் வைத்தேன்.

அடுத்த நாள் டெரிக் துவக்கால் காகத்துக்கு ஒரு வெடி வைத்தான். ராசா குன்றின் நடுவில் நின்றது. வெடிச் சத்தத்தோடு கீழே பாய்ந்து வந்து என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றது. அதன் மூச்சு என் சேட்டுக்குள் போனது. நான் ஒட்டிய கவரைக் கிழித்துவிட்டேன்.

இங்கே வேட்டைக்குப் போகிறவர்கள் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு மேற்சட்டை போடுவார்கள், ஆளை ஆள் சுடாமல் இருப்பதற்கு. எவ்வளவு தூரத்திலும் நெருப்பு மாதிரித் தெரியும். நான் அதைப் போட்டுக்கொண்டு போய்க் கல்லெறிந்தேன். அந்த நிறத்தைக் கண்டாலே பயப்பட வேண்டும் என்று நினைத்தேன்.

முதல் நாள் அது ஓடவில்லை. எறிந்த ஒவ்வொரு கல்லையும் போய் மோந்து பார்த்தது. தீன் என்று நினைத்தது. அக்கா, அதை மட்டும் நீங்கள் கேட்டிருக்க வேண்டாம்.

பிறகு மூக்கில் பட்டு இரத்தம் வந்தது. போய்விட்டது. இப்போது அந்தச் சட்டையைத் தூரத்தில் கண்டால் பாறைகளுக்குள் மறைந்துவிடுகிறது. நேற்றுச் சட்டையில்லாமல் தண்ணீர் எடுக்கப் போனேன். பாதி வழி வரைக்கும் இறங்கி வந்து நின்றது. கூப்பிட்டால் வந்திருக்கும். நான் கூப்பிடவில்லை.

சோதி


ஸ்பிரிங்வேல்
18 மே 2025

சோதிக்கு,

நல்ல வேலை செய்தாய். நெஞ்சு கல்லு என்று சொன்னதை நான் மறக்க மாட்டேன், ஆனால் அதைப் பிறகு பார்ப்போம்.

அந்தச் சட்டையைக் கழற்றாதே. தண்ணீருக்குப் போனாலும் போட்டுக்கொண்டு போ. படுக்கும்போதும் போட்டுக்கொண்டு படு. உன்னைக் கண்டால் கிடாய் ஓட வேண்டும், உன்னைக் கண்டால் துவக்குக்காரன் நிற்க வேண்டும். இரண்டுக்கும் அந்த ஒரு சட்டைதான்.

வேட்டை முடிந்தவுடன் இங்கே வா. தாரகாவின் வீட்டில் பின் அறை சும்மா கிடக்கிறது, அவளுடைய பழைய சாமான்களை எடுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். நான் வெந்தயக் குழம்பு வைப்பேன், நீ உன்பாட்டில் சாப்பிடு. மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. இங்கே மரக்கறிச் சந்தையில் பை தூக்க ஓர் ஆள் வேண்டும்.

அக்கா


கோபாருக்கு மேற்கே
6 ஜூன் 2025, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

வாசுதேவன் வந்துவிட்டார். டெரிக்கின் வீட்டில் தங்கியிருக்கிறார். வேட்டை நாளைக் காலை.

இன்றைக்கு டெரிக் தூரக்கண்ணாடியில் ராசாவைத் தேடினான். நான் பள்ளத்தில் நடந்துகொண்டிருந்தேன், சட்டையோடு. ராசா என்னைக் கண்டு உச்சிக்குப் பாய்ந்து மறுபக்கம் போனதை அவன் பார்த்துவிட்டான். அவனுக்கு விளங்கிவிட்டது. திட்டினான் என்று மட்டும் எழுதுகிறேன். பிறகு சட்டையைக் கழற்று என்றான். அதை வாங்கித் தன்னுடைய வாகனப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டான்.

நாளைக்கு நான் செய்ய வேண்டியது இதுதான். வறண்ட ஆற்றுக்குள் முல்கா மரங்களின் புதர்ப் பற்றைகள் இருக்கின்றன. விடிய முன் அதற்குள் போய் இருக்க வேண்டும். சட்டை இல்லாமல், மண்ணிற ஜாக்கெற்றோடு. டெரிக் எதிர்ப்பக்கப் பாறையில் வாசுதேவனைப் படுக்க வைப்பான். வெளிச்சம் வந்தவுடன் நான் மெல்லக் கூப்பிட வேண்டும். ராசா இறங்கி வரும். காட்டுக் கிடாய் தண்ணீர் தேடி இறங்குகிறது என்று அவருக்குச் சொல்லப்படும்.

நான் பற்றைக்குள் இருப்பது வாசுதேவனுக்குத் தெரியக் கூடாது. ஓர் ஆள் கூப்பிட்டு வருகிற ஆடு காட்டாடு இல்லையே. தெரிந்தால் அவர் சுடாமல் போய்விடுவார், ஊரெல்லாம் சொல்லிவிடுவார் என்று டெரிக் சொல்கிறான்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பட்டிக்குள் அடைத்து வைத்து வேறு எவனையாவது சுடவிடுவேன், கண்ட இடத்தில் பட்டு நாள் முழுக்கக் கத்தட்டும் என்றான். செய்வான். நான் கூப்பிட்டால் ராசா முதலில் என்னை நேரே பார்க்கும், பிறகு காற்றை மோக்கத் தலையைத் திருப்பும். அந்த நேரம் முழுப் பக்கமும் தெரியும். ஒரே வெடி. அதற்குத் தெரியாமலே முடிந்துவிடும். அவ்வளவையும் செய்ய என்னால்தான் முடியும். கூப்பிட்டவுடன் நான் நிலத்தோடு படுத்துவிடுவேன். பயப்படாதேங்கோ.

கொம்பை இன்றைக்குத் தூரத்திலிருந்து கடைசியாக ஒரு தரம் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

வாசுதேவனின் போன் நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். சிட்னியில் தமிழ் ஆட்கள் யாரையாவது அறிந்திருப்பது நல்லதுதானே. இந்தக் கடிதத்தை இப்போதே ரோட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன். அடுத்ததை மெல்பேணுக்கு வந்து நேரில் சொல்கிறேன்.

சோதி


ஹில்ஸ்டன், பெற்றோல் செட்
12 ஜூன் 2025, வியாழன்

சோதிக்கு,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. சனிக்கிழமை போய் எத்தனையோ நாள். உன் போன் கிடைக்காததால் தாரகா நம்பரைத் தேடி டெரிக்கின் வீட்டுக்குப் போன் எடுத்தாள். அடித்து அடித்து நின்றது. திரும்பவும் எடுத்தாள். பிறகு நீ எழுதின நம்பரை அழுத்தித் தா என்று நான் போனை வாங்கினேன்.

எடுத்தது அந்த மனிசனின் பெண்சாதி, கிரிஜா என்று பெயர். வாசுதேவன் நிற்கிறாரோ என்று கேட்டேன். இருக்கிறார், ஆனால் யாரோடும் பேச மாட்டார் என்றாள். கிடாய் கொண்டு வந்தவரோ என்று கேட்டேன்.

"இல்லம்மா, வெறுங்கையோடதான் வந்தார். துப்பாக்கியக்கூட அங்க போலீஸ்ல வாங்கி வச்சுக்கிட்டாங்களாம். வந்ததுல இருந்து சாப்பிடல, கராஜ்லயே உக்காந்திருக்கார். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்கிறார். நீங்க யார் பேசுறது?"

சோதியின் அக்கா என்றேன். அவள் அதை யாருக்கோ சொல்வது கேட்டது. பிறகு அந்தப் பக்கத்தில் வேறு யாரோ போனை வாங்கினார்கள். மூச்சு மட்டும் கேட்டது. ஆம்பிளை மூச்சு. ஹலோ, ஹலோ என்று நான் கூப்பிட்டேன். வைத்துவிட்டார்கள்.

தாரகா என் முகத்தைப் பார்த்தாள். நான் அவளுக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். வெறுங்கையோடு வந்தாரென்றால் கிடாய் தப்பி ஓடிவிட்டது என்று அர்த்தம். துவக்கைப் பொலிஸ் எடுத்ததென்றால் லைசன்சில் ஏதோ பிழை. அந்த வெட்கத்தில் மனிசன் வாய் திறக்காமல் இருக்கிறார். டெரிக் கோபத்தில் போன் எடுக்காமல் இருக்கிறான். நீ கிடாயைத் தேடிக் குன்றில் அலைகிறாய். இதுதான் நடந்திருக்கும். வேறு விதமாக யோசிக்க இதில் இடமே இல்லை.

இன்று விடியத் தாரகா என்னை எழுப்பினாள். "அம்மா, வெளிக்கிடுங்கோ, போவம்" என்று கார்த் திறப்பை எடுத்தாள். வழியில் இங்கே பெற்றோல் அடிக்க இறங்கினவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு கடைக்கு வெளியே நிற்கிறாள். யாரோடோ இங்கிலீசில் கதைக்கிறாள். கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள். இன்னும் கதைக்கிறாள். இப்போது சுவரில் சாய்ந்துவிட்டாள். களைப்பாக இருக்கும், காலையிலிருந்து ஓடுகிறாள்தானே.

அவள் உள்ளே வருவதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். பின் அறையைக் கூட்டித் துடைத்து விரித்து வைத்துவிட்டுத்தான் வந்தேன். உனக்கு ஒரு தடித்த ஜாக்கெற்றும் எடுத்து வந்திருக்கிறேன், சிவப்பு. தூரத்திலிருந்தும் தெரியும்.

இதைத் தபாலில் போட மாட்டேன். கையில்தான் தருவேன். நாங்கள் வருகிற நேரம் கேற்றடிக்கு வந்து நில், சோதி. வேறொன்றும் வேண்டாம். நின்றால் போதும்.

அக்கா